லோயிஸ் படிக்காத பக்கங்கள்

லோயிஸ் ஒரு புத்தகத்தை நல்லது என்று சொல்லிவிட்டால் மூன்றாவது பெட்டியில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. காட்பாடியில் கிளம்பி சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போய்ச் சேரும் காலை ரயிலின் மூன்றாவது பெட்டி அது. தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் ஒன்றாக உட்காருவார்கள். எல்லாரும் வாசிக்கிறவர்கள். அதிலும் வேற்றுக்கிரகம், வருங்காலம், மந்திர நாடு, மிதக்கும் நகரம் என்று நடக்காத கதைகளைத் தேடிப் பிடித்து வாசிக்கிறவர்கள். அவர்களுக்கு லோயிஸ் சொன்னதுதான் தீர்ப்பு.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை, கூப்பிட்டால் ஆஸ்பத்திரிகளுக்கும் போய் எடுத்துவருவாள். கைக்குழந்தையானாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பேர். எந்தக் கை, எந்த ஊசி என்று ஆளைப் பார்த்ததுமே தெரிந்துகொள்கிற மாதிரி, யாருக்கு எந்தப் புத்தகம் ஒத்துவரும் என்பதும் அவளுக்குத் தெரியும் என்று பெட்டிக்காரர்கள் நம்பினார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

அவளுடைய அப்பா இயேசுதாசன் சபையில் உபதேசியாராக இருந்தவர். வீட்டில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், மாதம் ஒருமுறை வருகிற சபைப் பத்திரிகை, இவை தவிர அச்சடித்த தாள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வழிப் படிப்பு. தமிழை ஞாயிறு வகுப்பில் சங்கீதங்களை எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். பதின்மூன்று வயதில், பக்கத்து வீட்டுப் பழைய பேப்பர்க் கட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு தமிழ் நாவல் அவள் கைக்கு வந்தது. சந்திரனில் கிணறு வெட்டப் போனவர்களின் கதை. சர்ச்சுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவளை அப்பா பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் நடந்துதாம்மா?"

"இல்ல நைனா."

"நடக்காதத இன்னாத்துக்குப் படிச்சிக்கினு இருக்கிற?"

"நடக்காததாலதான் நைனா."

அவர் புத்தகத்தைப் பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கல்யாணம், குழந்தை, வேலை எல்லாவற்றையும் தாண்டி அவளோடு வந்தது. ரயில் பயணம் அதற்குத் தோதாக அமைந்தது. போக இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட, வர இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட. வேறு யார் தருவார்கள் அவ்வளவு நேரத்தை?

எதிர் சீட்டில் உட்கார்ந்து போனில் ஏதோ விண்வெளிக் கதை படித்துக்கொண்டிருந்த பிரவீனிடம் அவள் ஒரு நாள், "தம்பி, அந்தக் கப்பல் கடைசியில வீடு போய்ச் சேருதா?" என்று கேட்டதுதான் ஆரம்பம். பிரவீன் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அப்போது இருபத்தி மூன்று வயது. அவன்தான் 'மூணாவது பெட்டி' என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கினான். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆதிகேசவன் சேர்ந்தார். பிறகு ரயிலில் வராதவர்களும் சேர்ந்தார்கள். ஐந்து வருஷத்தில் நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை லோயிஸ் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பது குழுவின் வழக்கமாயிற்று. 'வெள்ளிக்கிழமைப் புத்தகம்' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

முதல் இரண்டு வருஷம் அவள் எழுதியதெல்லாம் படித்து எழுதியது. மூன்றாம் வருஷம் மாமியார் படுக்கையில் விழுந்தார். மகன் பத்தாம் வகுப்பு வந்தான், அதற்குப் பின் பிளஸ் டூ மாதிரியான இன்டர் படிப்பு. கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போக, அவர்கள் வேலையும் இவள் தலையில் விழுந்தது. ரயிலில் ஏறினதும் கண் சொருகியது. ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம், முக்கால்வாசி படித்திருந்த நாவலைப் படித்து முடித்ததுபோல எழுதினாள். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு வாரம் பாதி. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகத்தின் கதையை இருபது நிமிஷத்தில் சொல்கிற வீடியோக்கள் யூடியூபில் கிடந்தன. சமையல் செய்துகொண்டே அவற்றை வேகமாக ஓடவிட்டுக் கேட்டாள். கேட்டதை வைத்து, நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்து, தன் சொந்த அனுபவம்போல எழுதினாள். அவளுக்கு எழுத வரும். "முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள்" என்று ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று.

"அக்கா, எப்புடிக்கா இத்தினி வேலைக்கு நடுவுல படிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த அடுத்த வாரம் மூன்று வருஷமாக வரவேயில்லை.

கோதை அந்தப் பெட்டிக்கு வந்தது போன வருஷம். அரக்கோணம் பக்கத்துக்காரர். கணவர் வேங்கடாசலத்துக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ்த் தொழிற்சாலையில் வேலை. கோதை திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். அவர்களுடைய ஒரே மகன் தருண் மூன்று வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் அடிபட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் சில நாள் கிடந்து இறந்துபோனான் என்பதைப் பெட்டியில் எல்லாரும் அறிவார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோதை ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருவார். அவ்வளவுதான்.

ஒரு நாள், பாகாலா தாண்டியதும், அவராகவே லோயிஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு புக்கு சொல்லேன், லோயிஸ். நான் காலேஜ்ல படிச்சதோட சரி. இந்த உலகத்துல நடக்கற கதை வேணாம். அதுக்குள்ள போயிட்டா ரெண்டு மணி நேரம் நான் இங்க இருக்கக் கூடாது. அந்த மாதிரி."

"கட்டாயம் சொல்றேன்க்கா."

"ஆனா ஒண்ணு. அதுல புள்ளைங்க சாகறது இருக்கக் கூடாது. மத்தவங்க யார் செத்தாலும் படிச்சிடுவேன்."

லோயிஸுக்கு உடனே 'காற்றுத்துறை' ஞாபகம் வந்தது. மேகங்களுக்கு மேலே ஒரு துறைமுகம், அங்கே காற்றில் மிதந்து வரும் கப்பல்கள், அவற்றைக் கயிறு வீசிப் பிடித்துக் கட்டுகிற பெண்கள். மூன்று பாகமாக வந்த தமிழ் நாவல். திருப்பதிப் புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கியிருந்தாள். முந்தைய மாதம்தான் அதை வெள்ளிக்கிழமைப் புத்தகமாகப் போட்டு, "கடைசி அத்தியாயத்தில் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். உண்மையில் அவள் படித்தது முதல் பாகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வீடியோ சொன்னவரும் கப்பல்களையும் நகரத்தையும் விவரித்துவிட்டு, முடிவு பிரமாதம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

"உங்களுக்குன்னே எழுதுன மாதிரி ஒண்ணு கீதுக்கா" என்றாள்.

மறுநாள் மூன்று பாகங்களையும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். கிளம்புவதற்கு முன், முதல் பாகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பரிசோதனைக் கூடத்துச் சீட்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்போது கை ஒரு நொடி தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் நின்றிருக்கலாம்.

கோதை வேகமாகப் படித்தார். பெட்டியில் இருந்தவர்கள் அதுவரை பார்க்காத ஒரு கோதை வெளியே வந்தார். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்து போவதுகூடத் தெரியாமல் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று நிமிர்ந்து, "அந்த மாதுளை இருக்கா பாரு, என்னா பொம்பள அவ! புயல்ல ஒத்தையா நின்னு கயித்தப் புடிக்கிறாளே!" என்பார். மாதுளை அந்தக் கதையில் கயிறு வீசுகிறவர்களின் தலைவி. தும்பன் என்று அவளுக்கு ஒரு மகன். முதல் பாகத்தின் முடிவில் அவன் ஒரு கப்பலில் ஏறிக் காணாமல் போகிறான். லோயிஸ் அதுவரைக்குமே படித்திருக்கவில்லை. கோதை சொல்லச் சொல்ல, "ஆமாக்கா, ஆமாக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாகம் முடியும்போது கோதை ஒரு நாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தும்பன் திரும்பி வந்துடறானா, லோயிஸ்? அத மட்டும் சொல்லு. வரலைன்னா நான் இதோட நிறுத்திக்கறேன்."

பிரவீன்கூட, "அக்கா முடிவச் சொல்லிறாதீங்க!" என்று சிரித்தான். லோயிஸ் கோதையின் முகத்தைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நூறு பேர் குழுவில் சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதியவள் எப்படித் தெரியாது என்பாள்?

"வர்றான்க்கா. பயப்படாமப் படிங்க" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் கோதை ரயிலுக்கு வரவில்லை. இரண்டு நாள் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள், குழுவிலிருந்து அவர் விலகிவிட்டதாகப் போனில் ஒரு வரி வந்திருந்தது. லோயிஸ் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

"கோதை டீச்சர பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்மா" என்றார் ஆதிகேசவன். "இனிமே பஸ்லதான் போறேன்னாங்க. ஏம்மான்னேன். ஒண்ணும் சொல்லல. மொகமே சரியில்ல."

மூன்றாம் பாகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று லோயிஸுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பிரவீன் அவள் எழுதியதைப் பார்த்து 'காற்றுத்துறை'யை வாங்கி வைத்திருந்தான், இன்னும் பிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை படிக்க ஆசையாக இருக்கிறது என்று அவனிடமும் ஒரு பொய்யைச் சொல்லி மூன்றையும் வாங்கிக்கொண்டாள். விட்ட பக்கத்திலிருந்து தொடங்கினாள். ரயிலில் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. அதுதான் இன்னும் வேதனையாக இருந்தது. இவ்வளவு நல்ல கதையைப் படிக்காமலே புகழ்ந்திருக்கிறோமே என்று கூசியது.

கடைசி அத்தியாயத்தை அவள் ஒரு சனிக்கிழமை மதியம், கூடத்தின் சாப்பாட்டு அறையில் படித்தாள். தயிர்சாத டப்பா திறந்தபடி இருந்தது. தும்பன் திரும்பி வரத்தான் வருகிறான். பாதி உடம்பு காற்றாகிவிட்ட நிலையில், ஒரு கப்பலின் தளத்தில் கண்மூடிக் கிடக்கிறான். மூச்சு மட்டும் ஓடுகிறது. கப்பலைத் துறையில் கட்டி வைத்திருக்கும்வரை அவன் அப்படியே கிடப்பான். எழுந்திருக்கவும் மாட்டான், போகவும் மாட்டான். கயிறு ஒவ்வொன்றாக இற்றுக்கொண்டே வருகிறது. ஏழாம் நாள் மாதுளை கடைசிக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்துவிடுகிறாள்.

லோயிஸ் புத்தகத்தை மூடினாள். டப்பாவையும் மூடினாள். உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு, காத்திருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்தாள். நரம்பு கிடைக்கவில்லை. மறுபடி குத்தினாள். அப்போதும் ரத்தம் வரவில்லை. "பரவாலேதம்மா" என்று அவர் தெலுங்கில் சமாதானம் சொன்னார். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. கூட வேலை பார்க்கும் தாட்சாயணியைக் கூப்பிட்டு ஊசியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோதையின் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். வேங்கடாசலம் கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர். "வாங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே பார்த்து, "யார் வந்துகீறாங்க பாரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். டிவி மேசை மேல் மூன்று பாகங்களும் செய்தித்தாள் சுற்றி நூல் கட்டித் தயாராக இருந்தன. அதன் மேல் பெரிய எழுத்தில் 'லோயிஸ்' என்று எழுதியிருந்தது.

கோதை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"அக்கா, நான் அந்தப் புக்கப் படிக்காமக் குடுத்துட்டேன்" என்றாள் லோயிஸ். வழியெல்லாம் வேறு விதமாக யோசித்து வைத்திருந்தாள். வந்தது இதுதான். "முதல் பாகத்துலயே பாதிதான் படிச்சிருந்தேன். தும்பன் வர்றான்னு சொன்னது சும்மா சொன்னது. இப்பதான் முழுசாப் படிச்சேன். நேத்து."

"தெரியும்" என்றார் கோதை.

லோயிஸ் நிமிர்ந்தாள்.

"மூணாம் பாகத்துல கடைசி அத்தியாயத்துல ரெண்டு தாள் வெட்டுப்படாம ஒட்டிக்கினு இருந்துச்சு. பிளேடு போட்டுப் பிரிச்சிப் படிச்சேன். படிக்கிற அவசரத்துல அப்ப ஒண்ணும் தோணல. போன வாரம் உனக்குத் திருப்பிக் குடுக்கலாம்னு கட்டும்போதுதான் அந்த வெட்டப் பாத்தேன். இவ இத்தத் தொறந்தே பாக்கலையேன்னு அப்பதான் தெரிஞ்சிது." கோதை டிவி மேசை மேலிருந்த கட்டைப் பார்த்தார். "அதுவரைக்கும் பத்து நாள், நீ தெரிஞ்சே குடுத்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சேவா? நான் ஏன்க்கா..."

"நீ ஆஸ்பத்திரிங்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்கப் போறவ. யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுவதுபோலச் சொன்னார். "தருண் பதினோரு நாள் மெஷின்ல இருந்தான். இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. இவரால பேனாவப் புடிக்க முடியல. போதும்னு கையெழுத்துப் போட்டது நான்தான். ஊர்ல எங்க மாமியாருக்குக்கூட அது தெரியாது. அந்தக் கடைசி அத்தியாயத்தப் படிச்சதும் என் காதுல என்னா விழுந்துதுன்னா, நீ பண்ணது எனக்குத் தெரியும்னு நீ சொல்ற மாதிரி. இத்தப் படிச்சி சந்தோஷத்துல அழுதேன்னு வேற எழுதியிருந்த."

லோயிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுதால் கோதை தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று பல்லைக் கடித்து அடக்கினாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"அதான் தெரியுதே. வெட்டப் பாத்ததும் அந்தக் கோவம் போச்சி. வேற கோவம் வந்துடுச்சி." கோதை முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நான் உன்கிட்ட வந்து கேட்டேன், இல்ல? மூணு வருஷம் கழிச்சி ஒருத்தர்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேட்டேன். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பாத்துக்கினு இருந்திருப்பேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியாப் போயிடுவ. இப்பத்திக்கு எனக்கு அது வாயில வரல, லோயிஸ்." எழுந்து புத்தகக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இந்த மாதிரி இன்னும் எத்தினி பேருக்கு எத்தினி புக்கு குடுத்திருக்கிற? அந்த குரூப்புல இருக்கற பொண்ணுங்க, காலேஜ் பசங்க எல்லாரும் நீ சொன்னேன்னுதான படிக்குதுங்க. அவங்களுக்கும் சொல்லு. என் பேரு மட்டும் வேணாம்."

வாசலில் வேங்கடாசலம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "ஆட்டோ கூப்புடட்டுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அவள் கணவன் சாம்ராஜ் தட்டுப் போட்டுக் காத்திருந்தான். நடந்ததைச் சொன்னாள், கையெழுத்து விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

"சோறு துன்னாம இன்னா யோசிச்சிக்கினு கீற? பொஸ்தகந்தான? ஊசியா மாத்திப் போட்டுட்ட?" என்றான். அவளைத் தேற்றத்தான் சொன்னான்.

"ரத்தமே எடுக்காம ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்திருக்கேங்க" என்றாள் லோயிஸ்.

அந்த வாரம் முழுக்க அவள் பழைய வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சில புத்தகங்களைப் படித்தோமா, கேட்டோமா என்று அவளுக்கே நினைவில்லை. அப்படிப்பட்டதைப் படிக்காதவற்றின் கணக்கில்தான் சேர்த்தாள். பெரியம்மை வந்த விண்கலம் பற்றிய கதையை ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சொல்லியிருந்தாள். அதில் என்ன நடக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது. பரீட்சையில் தோற்றுப்போன ஒரு பையனுக்கு, தோற்றவன் ராஜாவாகிற கதை என்று ஒன்றைச் சொல்லியிருந்தாள். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். அவன் பதில்கூட எழுதவில்லை. படித்தானா, படித்து என்ன நினைத்தான்?

வெள்ளிக்கிழமை, ரயில் பாகாலாவில் நின்றபோது, குழுவில் போட்டாள்.

"இதுவரை நூற்றிருபத்தொரு புத்தகங்களை உங்களுக்குப் பரிந்துரை செய்திருக்கிறேன். முழுதாகப் படித்தவை நாற்பத்தெட்டுதான். அவற்றின் பட்டியல் கீழே. மற்றவற்றைப் பாதி படித்தோ, வீடியோவில் கதை கேட்டோ, படித்ததுபோல எழுதினேன். ஒருவர் என்னை நம்பி ஒரு புத்தகத்தைக் கேட்டார். படிக்காமல் கொடுத்தேன். அது அவரைக் காயப்படுத்திவிட்டது. உங்களில் வேறு யாருக்கு என்ன செய்திருக்கிறேனோ எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைப் புத்தகம் இனி வராது."

எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆதிகேசவன்தான் முதலில் கனைத்தார்.

"நானும் பாதிப் புக்க அப்புடித்தாம்மா. முடிச்சிட்டேன்னு சொல்லிப் பெருமையடிச்சிக்கினு இருந்தேன். நீ ஒருத்திதான் சொல்லிட்ட."

அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை. அவர் பொய்யால் யார் வீட்டிலும் யாரும் பத்து நாள் துடிக்கவில்லை.

பிரவீன் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பதி வந்து இறங்கும்போதுதான் பேசினான்.

"என்கிட்ட புக்க வாங்கும்போதுகூட, திரும்பப் படிக்கணும்னு சொன்னீங்களேக்கா."

"ஆமாண்டா."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் அடுத்த இரண்டு வாரம் ஐந்தாவது பெட்டியில் ஏறினான். குழுவில் சிலர் திட்டினார்கள். ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டார். முப்பது பேருக்கு மேல் விலகிப் போனார்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண், இப்போது குழந்தைக்கு இரண்டு வயதாகிறது, அந்தக் கதையைத் தான் வாங்கவேயில்லை என்று எழுதியிருந்தாள். லோயிஸ் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். தப்பித்துக்கொண்டோம் என்று மனசு ஒரு நொடி துள்ளியதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பிரவீன் திரும்பி வந்தான். எந்தப் புத்தகம் நன்றாக இருக்கும் என்று அவளைக் கேட்பதில்லை. அவன் படித்ததை அவன் சொல்வான், அவள் படித்ததை அவள் சொல்வாள். அவள் இப்போது ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்கிறாள். மூன்று வாரம் ஆனாலும் அதே புத்தகம். தூக்கம் வந்தால் தூங்குகிறாள். பரிசோதனைக் கூடத்தில் பழையபடி ஒரே குத்தில் நரம்பு கிடைக்கிறது.

நவம்பரில் புயல் மழை வந்து, பூதலப்பட்டுப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, பஸ்கள் நின்றுபோன ஒரு காலையில் சித்தூர் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. லோயிஸ் தன் இடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது, நனைந்த குடையோடு கோதை ஏறிக்கொண்டிருந்தார். காலியாக இருந்தது அவளுக்கு எதிர் இடம் மட்டுந்தான். கோதை ஒரு கணம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

லோயிஸ் கையில் இருந்த புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் கோதையே பேசினார்.

"உன் பையன் இன்டர் செகண்ட் இயரா இப்ப?"

"ஆமாக்கா. மேக்ஸ்தான் தகராறு."

"எந்தப் பாடம்?"

"இன்டக்ரேஷன்னு சொன்னான்க்கா."

"அத அடிச்சி மனப்பாடம் பண்ணச் சொல்லாத. குழம்பிடுவான். ஞாயித்துக்கெழம சாயந்தரம் அனுப்பு, பாக்கறேன்."

லோயிஸால் உடனே தலையாட்ட முடியவில்லை. இந்த அம்மாளின் வீட்டுக்குள் தன் மகனை, கிட்டத்தட்டத் தருணின் வயதில் இருக்கிற ஒருவனை, எப்படி அனுப்புவது? மறுத்தால் அது இன்னொரு காயமாகிவிடுமா? இந்தத் தடவை அவள் தெரிந்த மாதிரி நடிக்கவில்லை.

"அவன் வந்து போனா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா, இருக்காதான்னு எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

கோதை ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியல" என்றார். "ரெண்டு வாரம் வரட்டும். முடியலைன்னா சொல்லிடறேன்."

பையன் போகிறான். ஆறு ஞாயிறு ஆயிற்று. கோதை இன்னும் முடியவில்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது லோயிஸ் கேட் வரைக்கும் கூடவே வருகிறாள். அவன் திரும்பி வந்ததும், டீச்சர் எப்படி இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்கிறாள். "நல்லாத்தான் கீறாங்கம்மா, இத எத்தினி வாட்டி கேப்ப?" என்று அவன் சலித்துக்கொள்கிறான்.

மழை நின்ற பிறகும் கோதை வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வருகிறார். மூன்றாவது பெட்டியில்தான் ஏறுகிறார். பிரவீனும் ஆதிகேசவனும் புத்தகப் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் சிரிக்கவும் செய்வார். குழுவில் திரும்பச் சேரவில்லை. லோயிஸிடம் ஒரு புத்தகமும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை அவர் இதுவரை சொன்னதில்லை. லோயிஸ் அதை ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கிறாள். எதிர்பார்ப்பதற்காகத் தன்னைத்தானே கடிந்துகொள்கிறாள்.